பிழை மீட்பா, பிழையிலிருந்து மீட்சியா?

தொடக்ககாலக் கணினிகளின் தரவுச் சேகரிப்பு முறைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ‘பிழை கண்டறிதலும் பிழை மீட்பும்’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. முற்பாதியில் குறை காண ஒன்றுமில்லை. பிற்பாதியைப் படிக்கும் ஒருவர், எங்கோ தொலைந்துபோன பிழையை இயந்திரம் தேடிக் கண்டெடுத்து வந்துவிட்டது என்று பொருள்கொண்டால் குற்றம் அவருடையதன்று, எழுதியவர் எழுதிவைத்திருப்பதே அதுதான்.

‘எரர் ரெக்கவரி’ என்பதே இங்கு மொழிபெயர்க்கப்பட்ட தொடர்; பிழை நேர்ந்த பிறகும் கணினி தன் வேலையைத் தொடரும் நிலைக்குத் திரும்புவதை அது குறிக்கிறது. ரெக்கவரி என்ற சொல்லின் வேர், திரும்பப் பெறுதல் என்று பொருள்படும் ‘ரெகுபெராரே’ என்ற லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இழந்த பொருளைத் திரும்பப் பெறுவதற்கும் நோயுற்றவர் தேறி எழுவதற்கும் ஆங்கிலம் இந்த ஒரே பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. நீள் என்பதிலிருந்து நீட்சி பிறப்பதுபோல மீள் என்பதிலிருந்து மீட்சி பிறக்கிறது. மீட்டலிலிருந்து பிறப்பது மீட்பு. தானாகத் திரும்புவது மீட்சி, இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவருவது மீட்பு. ஆங்கிலம் பிரித்துக் காட்டாததைத் தமிழ் பிரித்துக் காட்டும்போது, அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளரே அழித்துவிடுவதுதான் வியப்பு.

இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று என்பதை அக்காலத்து இயந்திரங்களே காட்டுகின்றன. 1952இல் வெளிவந்த ஐபிஎம் 726 காந்த நாடாக் கருவியில் ஏழு தடங்கள் இருந்தன. ஆறு தரவுக்கு, ஏழாவது சரிபார்ப்புக்கு. நாடாவின் குறுக்கே ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 1 என்ற இலக்கங்களின் எண்ணிக்கை எப்போதும் ஒரே வகையில், ஒற்றைப்படையாகவோ இரட்டைப்படையாகவோ, இருக்கும்படி ஏழாவது தடம் பார்த்துக்கொண்டது. எண்ணிக்கை பிசகினால் பிழை தெரிந்துவிடும், ஆனால் எந்தத் தடத்தில் என்று தெரியாது. இதுவரை நடந்தது கண்டறிதல் மட்டுமே. இத்தகைய நாடாக்களில் அதற்குப் பிறகு செய்யப்பட்டது எளிமையான வேலை: நாடாவை ஒரு தொகுதி (ஒரே வீச்சில் எழுதப்பட்ட தரவுத் துண்டு) பின்னுக்கு நகர்த்தி மறுபடியும் படிப்பார்கள். ஒட்டியிருந்த தூசி நகர்ந்து இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ தரவு சரியாக வந்துவிடுவதுண்டு. எழுதும்போது பிழை நேர்ந்தால், பின்னுக்கு வந்து, பழுதுபட்ட பகுதியை வெற்றிடமாக அழித்துவிட்டு, சற்றுத் தள்ளி அதே தொகுதியை மீண்டும் எழுதுவார்கள். நாடாவின் பழுது அங்கேயே இருக்கும். வேலை மட்டும் அதைக் கடந்து போகும். ‘பிழை நீக்கம்’ என்று இதற்குப் பெயரிடுபவர்களுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதிய மறுமொழி: நீக்கப்படாத பிழையிலிருந்தும் மீள முடியும்.

திருத்தம் என்பது இவ்விரண்டுக்கும் வேறானது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் ரிச்சர்டு ஹாமிங் பயன்படுத்திய, ரிலே என்ற மின்காந்த இணைப்பிகளால் இயங்கிய கணினி பிழையைக் கண்டுபிடிக்க வல்லது. பணியாளர்கள் இருக்கும் நாட்களில் விளக்கு எரிந்து எச்சரிக்கும், அவர்கள் சரிசெய்வார்கள். ஆளில்லாத வார இறுதிகளில் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழை இருப்பதை அறியும் இயந்திரம் அதன் இடத்தையும் அறிந்து ஏன் திருத்தக் கூடாது என்ற எரிச்சலிலிருந்துதான் 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை பிறந்தது. ஆக கண்டறிதல், திருத்தம், மீட்சி என மூன்று செயல்கள். வார இறுதியில் அந்தக் கணினி அடுத்த வேலைக்குத் தாவியதும் ஒருவகை மீட்சியே; அதில் திருத்தமும் இல்லை, மீட்கப்பட்ட தரவும் இல்லை. ‘பிழை மீட்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

‘பிழை மீட்பு’ என்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு: அது ஐந்தாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ‘பிழையிலிருந்து கணினியை மீட்கும் மீட்பு’ என்று விரித்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். விரிக்கலாம்தான். ஆனால் பிறவினையிலிருந்து வந்த பெயருக்கு முன்னால் ஒரு பெயர் நின்றால், தமிழ்ச்செவி அதை முதலில் செயப்படுபொருளாகவே கொள்ளும்: நில மீட்பு, உயிர் மீட்பு, தரவு மீட்பு. ‘கடன் மீட்பு’ என்றால் கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்பப் பெறுகிறார்; கடன்பட்டவர் விடுதலை பெறுவதைச் சொல்ல வேண்டுமானால் ‘கடனிலிருந்து மீட்சி’ என்றே சொல்கிறோம். ‘வெள்ள மீட்புப் பணி’ என்று மட்டும் சொல்லலாமா என்று கேட்பார்கள். வெள்ளத்தை யாரும் மீட்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே அங்கே மயக்கத்துக்கு இடமில்லை.

பிழையின் நிலை அப்படியன்று. துளையட்டைகளாக வந்த தரவை மொத்தமாகத் திரட்டிச் செயலாக்கிய முறைகளில், சோதனையில் தோற்ற பதிவுகளைக் குப்பையில் போடுவதில்லை. அவற்றைத் தனிக் கோப்பில் நிறுத்திவைத்து, பட்டியல் அச்சிட்டு, மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுத் திருத்தி, அடுத்த சுற்றில் உள்ளே அனுப்புவார்கள். அந்தக் கோப்பிலிருந்து பிழைப்பதிவுகளை எடுத்து வருவதைத்தான் ‘பிழை மீட்பு’ என்ற சொல் உள்ளபடியே குறிக்கும். இதே துறையில் இன்னொரு செயலுக்குரிய பெயரைக் கவர்ந்துகொண்ட சொல்லைத் தெளிவானது என்று எப்படி ஏற்பது?

‘பிழைமீட்சி’ என்று ஒட்டி எழுதினால் போதுமே என்று சிலர் முன்வருகிறார்கள். எனக்கு அதிலும் முழு உடன்பாடில்லை. மீட்சி தன்வினைப் பெயர் என்பதால் பிழையே எழுவாயாகி, ‘பிழை மீண்டு வந்தது’ என்றும் அது பொருள்படக்கூடும். ஒரே பழுது திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கருவிகளைப் பற்றி எழுதும்போது இந்த மயக்கம் சிறியதன்று. உருபை விரித்து ‘பிழையிலிருந்து மீட்சி’ என்று எழுதுவதில் சில எழுத்துகள் கூடும், கூடட்டும். கலைச்சொல் ஒரே சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமே நம்மிடம் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் அருகருகே நின்றால் தமிழிலும் இரண்டு பெயர்களை அருகருகே நிறுத்திவிட்டு, நடுவில் என்ன வேற்றுமை மறைந்திருக்கிறது என்று பார்க்காமலே அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். வேற்றுச்சொல் கலவாமல் எழுதுவதில் காட்டும் கண்டிப்பில் கால்பங்கை வேற்றுமை உருபுகளின்மேல் காட்டியிருந்தால் இந்தத் தொடர் பிறந்தே இருக்காது. வடசொல்லும் ஆங்கிலச்சொல்லும் இல்லாத வாக்கியம் என்பதாலேயே அது தமிழ் வாக்கியம் ஆகிவிடாது.

இடத்துக்கேற்ப இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. நாடாவைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி படித்து, சிதைந்த தொகுதியைக் கையில் பெற்றால் அது தரவு மீட்பு. நீண்ட ஓட்டத்தின் நடுவே நினைவகத்தின் நிலையை அவ்வப்போது நாடாவில் எழுதிவைத்து, பழுது நேர்ந்ததும் முதலிலிருந்து தொடங்காமல் கடைசியாக எழுதிவைத்த இடத்திலிருந்து ஓட்டத்தைத் தொடர்ந்தால் அது பிழையிலிருந்து மீட்சி. அப்படி எழுதிவைத்த இடத்தை ‘மீட்சிப் புள்ளி’ என்னலாம். ‘மீட்புப் புள்ளி’ என்று எழுதினால், அங்கே எதை மீட்டார்கள் என்ற கேள்விக்கும் எழுதியவர் விடை சொல்ல வேண்டியிருக்கும்.