தேரை விழுந்த பிள்ளை

"டாக்டரம்மா, இவன் மேல தேரை விழுந்துருச்சு."

ஒன்பது மாதப் பேரனை எடைமேடையில் கிடத்தும்போதே பாட்டி நோயைச் சொல்லிவிட்டார். எடை 5 கிலோ 200. ஒட்டிய கன்னம், உப்பிய வயிறு, குச்சிக் கைகால், பின்புறத்தில் தொளதொளவென்று தோல் மடிப்பு. இடுப்பில் மந்திரித்த கறுப்புக் கயிறு. கட்டி இரண்டு மாதமாம்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. குளியலறைச் சுவரில் மெலிந்த காலை மடக்கி ஒட்டிக்கொண்டிருக்கும் தேரையைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டம் இல்லாமல் இளைத்த பிள்ளையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். எங்கள் பாடப்புத்தகம் 'மராஸ்மஸ்' என்று எழுதியதை ஊர்க்காரர்கள் ஒரு தவளையைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். அடையாளம் சரி, காரணம்தான் தப்பு.

காரணம் பிடிபடாத இளைப்புக்கெல்லாம் நம்மூரில் தேரைதான் பழி சுமக்கும். பருப்புப் பிடிக்காத தேங்காயைக்கூட 'தேரை மோந்தது' என்பார்கள். தேரையர் என்ற சித்தருக்குப் பெயர் வந்த கதை தெரியும்தானே? மன்னனின் தீராத தலைவலிக்கு மண்டையைத் திறந்தால் உள்ளே தேரை. அகத்தியரே யோசித்து நிற்க, சீடர் ஒரு கிண்ணத்தில் தண்ணீரைக் காட்டினார். தேரை தானாகக் குதித்துவிட்டது. அதற்கு வேண்டியது ஈரம் என்று சீடருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் குளியலறைக்கு அது வருவதும் ஈரத்துக்கும் பூச்சிக்கும்தான். பிள்ளை மேலே தவறி விழுந்தாலும் சத்தை உறிஞ்சாது. எங்கள் வீட்டிலும் ஒன்று வாளிக்குப் பின்னால் குடியிருக்கிறது. என் பிள்ளைகள் இளைத்தபாடில்லை.

அந்தப் பையனை இளைக்க வைத்தது பால் புட்டி. மூன்றாம் மாதத்தில் அம்மா வேலைக்குத் திரும்ப, பாக்கெட் பால் வந்தது. "ஒரு டம்ளர் பாலுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. கெட்டியா குடுத்தா செரிக்காதே" என்றார் பாட்டி. பையிலிருந்து புட்டியை வாங்கி மோந்து பார்த்தேன். ரப்பருக்குள் புளித்த பால் வாடை. நடுவில் மூன்று முறை வயிற்றுப்போக்கு. அப்போதெல்லாம் அந்தத் தண்ணீர்ப் பாலையும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்த பிறகும் பருப்புச் சோறோ இட்லியோ வாயில் பட்டதில்லை.

கயிறு கட்டியதைக் குறை சொல்ல மாட்டேன். கட்டிவிட்டுக் காத்திருந்த இரண்டு மாதம்தான் என்னை உறுத்துகிறது. இந்த நிலையில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், உடல் சில்லிடலாம், சளி பிடித்தால்கூட உயிருக்கு ஆபத்து. காசநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் நாங்கள் பார்த்தாக வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு மேல்கையின் நடுவில் நாடாவைச் சுற்றினால் 11.5 செ.மீ.க்குக் கீழே வரக்கூடாது. இவனுக்கு 10.9. அங்கன்வாடியிலேயே அளந்து சொல்வார்கள். குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். இளைத்துவிட்டானே என்று வீட்டில் வைத்து ஒரேயடியாகத் திணிக்காதீர்கள். பட்டினியில் பழகிய உடம்பு அதைத் தாங்காது. முதல் சில நாட்கள் இரண்டு மணிக்கொரு தரம், அளந்து அளந்துதான் கொடுப்போம்.

மூன்று வாரத்தில் பையன் 700 கிராம் ஏறினான். கயிறு இடுப்பில் இறுக ஆரம்பித்தது. பாட்டியே கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார்.