டேபிள் கால்குலேஷன்: அட்டவணையின் கணக்கா, அட்டவணைமேல் கணக்கா?

தரவுகளைப் படமாகவும் அட்டவணையாகவும் காட்டும் டேப்லோ மென்பொருளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முட்டி நிற்கிற இடம் ‘டேபிள் கால்குலேஷன்’. நாகர்கோவிலில் நான் வகுப்பெடுத்த பிள்ளைகளில் ஒருத்தி தன் நோட்டில் இதை ‘மேசைக் கணக்கீடு’ என்று எழுதி வைத்திருந்தாள். மொழிபெயர்ப்புச் செயலி செய்த வேலை. சிரித்துவிட்டுச் சரியான சொல்லைச் சொல்லப் போனபோதுதான் என்னிடமும் அது இல்லை என்று தெரிந்தது.

லத்தீனில் ‘தபுலா’ என்றால் பலகை. எழுதும் பலகையும் அதுவே, பலகையில் எழுதிய பட்டியலும் அதுவே. அந்தச் சொல் ஆங்கிலத்தில் ‘டேபிள்’ ஆகி, மேசைக்கும் பட்டியலுக்கும் ஒரே பெயராக நின்றுவிட்டது. அதே வேரிலிருந்து பிரெஞ்சில் வந்த ‘தாப்லோ’ ஓவியத்தைக் குறிக்கும். 2003-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த இந்த மென்பொருளுக்கு வைத்த பெயர் அதுதான். (குடியரசு தின அணிவகுப்பில் வரும் ‘டேப்லோ’வும் இதே சொல். தமிழ்ப் பத்திரிகைகள் அதை அழகாக ‘அலங்கார ஊர்தி’ ஆக்கிவிட்டன.) ‘கால்குலேஷன்’ பக்கம் போனால், லத்தீன் ‘கால்குலஸ்’ என்பது சிறு கல். கல்லை நகர்த்தி எண்ணியதால் கணக்குக்கே கல்லின் பெயர். புளியமுத்தை வைத்து எண்ணப் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

தமிழில் இந்த மேசைக் குழப்பமே கிடையாது. மேசை, போர்ச்சுக்கீசியரின் ‘மெசா’. பெருக்கல் டேபிள், வாய்பாடு. எண்களைக் கட்டம் போட்டு அடுக்கினால் அட்டவணை; இதை, நினைவு என்று பொருள்படும் மராத்தி ‘ஆட்டவண்’ என்பதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆக நமக்கு வேண்டியது அட்டவணை. ‘கணக்கீடு’ என்று நீட்டாமல் ‘கணக்கு’ என்றாலே போதும்.

சரி, ‘அட்டவணைக் கணக்கு’ என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். அது ஒரு வேற்றுமைத் தொகை. உள்ளே எந்த உருபு ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். அட்டவணையைக் கணக்கிடுவதா, அட்டவணைக்கான கணக்கா, அட்டவணையில் செய்யும் கணக்கா? டேப்லோவில் நடப்பது கடைசியில் சொன்னது, அதாவது ஏழாம் வேற்றுமை. சாதாரணக் கூட்டலை மூலத் தரவு இருக்கிற இடத்திலேயே செய்து வாங்கிவிடுகிறது மென்பொருள். அப்படி வந்து திரையில் அடுக்கிய விடைகளின்மேல் மறுபடி செய்கிற கணக்குதான் டேபிள் கால்குலேஷன். மூலத் தரவின் வரிகளை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் நான் ‘அட்டவணைமேல் கணக்கு’ என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் உருபு வெளியே தெரிகிறது. 2024-ல், இதே வகை மென்பொருளான பவர் பிஐ-க்குள் வந்த ‘விஷுவல் கால்குலேஷன்’ ஏறக்குறைய இதே சங்கதி. அதன் பெயரில் இந்த மயக்கம் குறைவு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மழையை வைத்தே பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர் என்பதால் ‘இதுவரை எவ்வளவு’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு அதிகம். கணக்குக்காக, மலைப்பக்கத்துப் பாலமோரில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் 100, 80, 60 மில்லிமீட்டர் என்றும், கடற்கரைக் குளச்சலில் 50, 30, 20 என்றும் வைத்துக்கொள்வோம். ஊர்கள் நிரையில், மாதங்கள் நிரலில். ‘ரன்னிங் டோட்டல்’ (ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை சேர்ந்த தொகை) கேட்டால் பாலமோர் 100, 180, 240 என்றும் குளச்சல் 50, 80, 100 என்றும் வர வேண்டும். குறுக்கே ஓடினால் அப்படித்தான் வரும். மேலிருந்து கீழே ஓடவிட்டால், ஜூன் மாதத்துப் பாலமோரும் குளச்சலும் கூடி 150 ஆகும். குறுக்கே ஓடி முடித்து அடுத்த வரிக்கும் தொடரச் சொன்னால், குளச்சலின் ஜூன் கட்டத்தில் 290 வந்து நிற்கும். மலையில் பெய்தது கடற்கரையில் போய்ச் சேர்ந்த மாதிரி. ஒரு தன்னார்வ அமைப்புக்கு நான் செய்துகொடுத்த முதல் மழைப் படத்தில் சரியாக இதுதான் நடந்தது. கண்டுபிடித்தது நான் அல்ல, பின்வரிசையில் இருந்த ஒரு மீனவப் பெரியவர். “எங்க ஊர்ல இவ்வளவு மழை பெஞ்சா நாங்க இங்க வந்து உட்கார்ந்திருப்போமா மக்கா?” என்றார்.

இந்த ஓட்டத்துக்கு மென்பொருளில் இரண்டு சொற்கள் உண்டு: ‘அட்ரஸிங்’, ‘பார்ட்டிஷனிங்’. முதலாவது, கணக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. ‘ஓடுதிசை’ என்றால் புரிந்துவிடும். ‘முகவரியிடல்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன், அது தபால்காரர் வேலை. இரண்டாவது, எந்த எல்லைக்குள் ஓடி, எங்கே புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது. இதற்குப் ‘பாத்தி’யைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் ஒரு பாத்திக்குள் விட்ட தண்ணீர் அந்தப் பாத்திக்குள்ளேயே பரவி நிற்கும். அடுத்ததற்குத் தனியாக மடை திறக்க வேண்டும். சொல்லும் பொருந்தி வருகிறது: பாத்தல் என்றால் பகுத்தல். குறளில் வரும் ‘பாத்தூண்’, பகுத்து உண்ணும் ஊண். ‘பாத்தியுள் நீர்’ என்பதும் திருக்குறளில் வேறோர் இடத்தில் உண்டு. மேலே பார்த்த மழையில் ஒவ்வொரு ஊரும் ஒரு பாத்தி, மாதம்தான் ஓடுதிசை. இதைச் சொன்னதும், விளையில் (தோட்டத்தில்) வேலை செய்து பழகிய பிள்ளைகள் மற்றவர்களுக்கு முன்னால் தலையாட்டினார்கள்.

இன்னொன்று. ஜூனை ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டால் பாலமோரின் தொகை 80, 140 என்று ஜூலையிலிருந்து தொடங்கும். அட்டவணைமேல் கணக்கு என்ற பெயர் இங்கே கைகொடுக்கிறது: அட்டவணையிலிருந்தே எடுத்ததை அது எப்படிக் கூட்டும்? ஃபில்டருக்குப் பதில் ‘ஹைட்’ கொடுத்தால் கட்டம் கண்ணுக்கு மறையும், தொகை 180, 240 என்று மாறாமல் இருக்கும்.

மற்றச் சொற்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘மூவிங் ஆவரேஜ்’ பாடநூலில் ஏற்கெனவே நகரும் சராசரி. ‘ரேங்க்’ தரவரிசை. ‘ரன்னிங் டோட்டல்’ என்பதற்கு ‘ஓடும் கூட்டுத்தொகை’ என்று எழுதாதீர்கள். பள்ளிக் கணக்கில் ‘குவிவு நிகழ்வெண்’ படித்தவர்களுக்குக் குவிவுத் தொகை தானாக விளங்கும்.

‘ரீஸ்டார்ட்டிங் எவரி’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. எதற்கு எதற்குக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று கேட்கும். அதற்குத்தான் இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. இப்போதைக்கு வகுப்புக் குறிப்பில் ‘வரப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.