ஆதாரம் ரிஷபத்துக்கு மாறினால் தைவதம் ஏன் நொண்டுகிறது?

கீபோர்டு கற்றுக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து வாசித்தால் மேஜர் ஸ்கேல். அதே கட்டைகளை டி-யிலிருந்து வாசித்தால் டோரியன் மோடு என்கிறார்கள். ஏழும் அதே ஏழுதானே? தொடங்கும் இடம் மாறினால் இசை எப்படி மாறும்? நான் டி-யில் தொடங்கினாலும் சி மேஜர் மாதிரியேதான் கேட்கிறது.”

அவர் காது சரியாகவே வேலை செய்கிறது. டி-யில் தொடங்கிவிட்டால் மட்டும் டோரியன் வந்துவிடாது. டி-யை ஆதார சுரமாகக் காது ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்ற ஆறு சுரங்களையும் அதோடு ஒப்பிட்டுக் கேட்கத் தொடங்க வேண்டும். அந்த ஒப்பீடு நடக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அழகான சிக்கல் வெளிப்படும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கிடைக்கும். இடையில் உள்ள தூரத்தைப் பன்னிரண்டு அரைச்சுரங்களாகப் பிரிக்கிறோம். அதில் ஏழைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஸ்கேல். மேஜர் ஸ்கேலில், அதாவது சங்கராபரணத்தின் சுரங்களில், அரைச்சுரக் கணக்கில் இடைவெளிகள் 2, 2, 1, 2, 2, 2, 1.

இப்போது எண்கள். சி-யைச் சட்ஜமாகக் கொண்டால் டி ரிஷபம், இ காந்தாரம், எஃப் மத்திமம், ஜி பஞ்சமம், ஏ தைவதம், பி நிஷாதம். சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் முழு எண்கள் வரும் என்பதற்காகத்தான் இந்த எண். சுத்தமான விகிதங்களில் சுருதி சேர்த்தால் ரி 270, க 300, ம 320, ப 360, த 400, நி 450, மேல் ச 480. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் விகிதம் 2:3. சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் 4:5.

சின்ன விகிதம் காதுக்கு ஏன் இனிக்கிறது? ஒரு தந்தியை மீட்டினால் 240 மட்டும் ஒலிப்பதில்லை. 480, 720, 960 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பஞ்சமத் தந்தியில் 360, 720, 1080. இரண்டுக்கும் பொதுவாக 720 இருக்கிறது. சட்ஜத்தின் மூன்றாம் மடங்கும் பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கும் ஒரே புள்ளியில் விழுவதால் இரண்டு ஒலிகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. தம்புராவில் சட்ஜத்தோடு பஞ்சமத்தை மீட்டும்போது வருகிற அந்த நிறைவுக்கு இதுதான் இயற்பியல்.

சரி, ஆதாரத்தை ரிஷபத்துக்கு மாற்றுவோம். எந்தச் சுரத்தையும் தொடவில்லை. தம்புராவின் சட்ஜத் தந்தியை மட்டும் 270-க்கு ஏற்றிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். சற்று முன் ஆதாரத்திலிருந்து மூன்றாவது சுரம் 300/240, அதாவது ஒன்றேகால் மடங்கு. இப்போது மூன்றாவது சுரம் 320/270, ஒன்றேகாலை விடக் குறைவு. அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் சாதாரண காந்தாரம் வந்துவிட்டது. மேஜரின் மலர்ச்சி போய் மைனரின் கனம் ஏறிவிட்டது. ஏழாவது சுரமும் மாறிவிட்டது. மேல் சட்ஜத்தை ஒட்டி நின்று அதை நோக்கி ஏங்கும் காகலி நிஷாதம் இப்போது இல்லை. ஒரு முழுச்சுரம் தள்ளி நிற்கும் கைசிகி நிஷாதம்தான் இருக்கிறது. இது கரகரப்பிரியாவின் சுர வரிசை. மேற்கத்தியர் டோரியன் என்பதும் இதைத்தான்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகின்றன. ஆனால் புதிய ஆதாரத்தின் பஞ்சமத்தைப் பாருங்கள். 270-க்குச் சரியான பஞ்சமம் 405. நம்மிடம் இருப்பதோ 400. ஐந்தே ஹெர்ட்ஸ்தான் குறைகிறது, ஆனால் காது அதை விடாது. ரிஷபத்தின் மூன்றாம் மடங்கு 810; தைவதத்தின் இரண்டாம் மடங்கு 800. ஒரே புள்ளியில் விழ வேண்டியவை பத்து ஹெர்ட்ஸ் விலகி நிற்கின்றன. நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் விம்மல்கள் உண்டாகும் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது. வினாடிக்குப் பத்து முறை ஒலி உயர்ந்து தாழ்ந்து அதிரும்.

செய்து பார்க்கலாம். இரண்டு கைபேசிகளில் ஒலி எழுப்பும் செயலியை இறக்கி ஒன்றில் 800, மற்றொன்றில் 810 வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தடதடவென்று ஒரு துடிப்பு கேட்கும். 800-ஐ மெல்ல 803, 806, 809 என்று உயர்த்துங்கள். துடிப்பு தளர்ந்து, அலையாகி, 809-இல் வினாடிக்கு ஒரே ஒரு மூச்சாகி, 810-இல் அடங்கிவிடும். சுருதி சேர்வது என்று நாம் சொல்வது அந்த அடங்குதலைத்தான். தம்புராவின் பிருடையைத் திருகுபவர் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே விம்மல் மறையும் கணத்தைத்தான்.

அப்படியானால் தைவதத்தை நிரந்தரமாக 405-இல் வைத்துவிடலாமே? வைக்கலாம். அப்போது ரிஷபத்துக்கு நல்ல பஞ்சமம் கிடைக்கும். ஆனால் தைவதத்தை ஆதாரமாக்கும் நாளில் அதன் பஞ்சமமாகக் காந்தாரம் நிற்க வேண்டும். 405-இன் ஒன்றரை மடங்கு 607.5. மேல் காந்தாரம் இருப்பது 600-இல். நொண்டல் அங்கே போய்விட்டது. காந்தாரத்தையும் உயர்த்தினால் சட்ஜத்தோடு அது கொண்டிருந்த ஒன்றேகால் மடங்கு உறவு கெடும். விரித்த பாயில் ஒரு சுருக்கத்தை நீவினால் அது பக்கத்தில் போய் எழும்புவது போல, 405/400, அதாவது 81/80 என்ற இந்தச் சிறு பிசகை எங்கே தள்ளினாலும் எங்கோ ஓரிடத்தில் எழும்பியே தீரும். ஒன்றரையின் அடுக்குகளும் ஒன்றேகாலின் அடுக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. அதில் யாருடைய பிழையும் இல்லை. எண்களின் இயல்பு அப்படி. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இந்த இடத்தில் ஒரு சிலிர்ப்பு உண்டு.

கீபோர்டு இதைத் தீர்க்கும் வழி, பிசகை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது. ஒவ்வோர் அரைச்சுரத்தையும் 1.05946 மடங்காக வைத்துவிட்டால் ரி 269.39, த 403.63 என்று அமையும். இவற்றின் மடங்குகளுக்கு இடையே வினாடிக்கு ஒரு விம்மல்கூட முழுதாக வராது. எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்தாலும் பஞ்சமம் நன்றாகவே இருக்கும். அதற்குக் கொடுத்த விலை, காந்தாரம் எங்குமே ஒன்றேகால் மடங்காக இல்லாமல் சற்று ஏறி 1.26-ஐ ஒட்டி நிற்பது. வாய்ப்பாட்டிலும் வயலினிலும் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. தேர்ந்த பாடகர் ஆதாரம் மாறியதும் தைவதத்தை 400-லிருந்து 405-க்கு நகர்த்திவிடுவார். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது. விம்மல் அடங்கும் இடத்தைத் தொண்டை தேடிப் போகிறது.

ஏழு சுரங்களையும் ஒவ்வொன்றாக ஆதாரமாக்கினால்? ச-வில் சங்கராபரணம், ரி-யில் கரகரப்பிரியா, க-வில் தோடி, ம-வில் கல்யாணி, ப-வில் ஹரிகாம்போதி, த-வில் நடபைரவி. மேற்கத்தியப் பெயர்களில் அயோனியன், டோரியன், ஃப்ரிஜியன், லிடியன், மிக்சோலிடியன், ஏயோலியன். நி-யை மட்டும் கடைசியில் பார்க்கலாம். ஐந்து சுர ஸ்கேலில் இந்த வித்தை இன்னும் தெளிவாகத் தெரியும். மோகனத்தின் ச ரி க ப த-வில் ரி-யை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி, க-வில் ஹிந்தோளம், ப-வில் சுத்த சாவேரி, த-வில் சுத்த தன்யாசி. கீபோர்டின் கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் வாசித்துவிடலாம். நம் சங்கீதத்தில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். பாடகர் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) மேடையில் இதைச் செய்வதில் பேர் பெற்றவர். தம்புரா பழைய சட்ஜத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்க, பாடகர் வேறொரு சுரத்தில் குடியேறி நம் காதையும் அங்கே இழுத்துக்கொள்வது பெரிய காரியம்.

ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. கரகரப்பிரியா வேறு, டோரியன் வேறு. சுரத் தானங்கள் ஒன்றுதான். ஆனால் ராகம் என்பது ஏணி மட்டும் இல்லை. தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை எடுத்துவிட்டு ஃப்ரிஜியன் ஏணியில் ஏறி இறங்கினால் தோடி வராது.

கிளாரியானுஸ் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் அயோனியன், ஏயோலியன் பெயர்களைச் சேர்த்துப் பன்னிரண்டு மோடுகளாக வகுத்து நூல் வெளியிட்டது 1547-இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சிலப்பதிகாரம் இந்த ஆதார மாற்றத்தைப் பேசுகிறது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரப் பெயர்களையே இடுகிறாள். ஒவ்வொன்றும் முறையே குரலாகும்போது, அதாவது ஆதாரமாகும்போது, செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை பிறக்கின்றன. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917) விபுலானந்தரின் யாழ்நூலும் (1947) இந்தப் பாலைகளை அலசிய பெருநூல்கள். இன்று பரவலாக ஏற்கப்படும் ஒப்பீட்டில் செம்பாலை என்பது ஹரிகாம்போதி. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக நகர்ந்து பாருங்கள்: நடபைரவி, பிறகு ராகப் பெயரற்ற ஒன்று (செவ்வழிப்பாலை), சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி. வெள்ளைக் கட்டைகளின் ஏழும் ஒன்றுவிடாமல் வந்துவிடுகின்றன.

இனி வாசகரின் உண்மையான சிக்கல்: டி-யில் தொடங்கியும் சி மேஜராகவே கேட்பது. இதற்குக் காரணம் ம-வும் நி-யும். இந்த ஏழு சுரங்களில் ஆறு அரைச்சுர இடைவெளி கொண்ட ஜோடி ஒன்றே ஒன்றுதான், அது ம–நி. அந்தக் கரடுமுரடான ஜோடி சேர்ந்து ஒலித்தால் நி மேலே சட்ஜத்துக்கும் ம கீழே காந்தாரத்துக்கும் நழுவத் துடிக்கும். ம-வும் நி-யும் அடங்கிய ஜி செவன்த் கார்டை வாசித்தால் அடுத்து சி மேஜர் வந்தே தீர வேண்டும் என்று தோன்றுவது அதனால்தான். டோரியனில் மெட்டுப் போடும்போது அந்தக் கார்டைத் தவிர்த்துவிடுங்கள். இடது கையில் டி-யையும் ஏ-யையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். டி மைனரும் ஜி மேஜரும் மாறி மாறி வரட்டும். அந்த ஜி மேஜருக்குள் இருக்கும் பி-தான் டோரியனை நடபைரவியிலிருந்து பிரித்துக் காட்டும் சதுச்ருதி தைவதம். வாக்கியங்கள் டி-யில் வந்து அமரட்டும், நீளமாக அமரட்டும்.

நீளம் முக்கியம் என்பது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1982-இல் கரோல் கிரம்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஸ்கேலைக் காதில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு சுரங்களில் ஒன்றை ஒலிக்கவிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆதார சுரமே முதலிடம் பெற்றது. 1984-இல் இதே முறையில் வட இந்திய ராகங்களை ஆராய்ந்தபோது, அந்த இசைக்குப் பழகாத மேற்கத்தியக் காதுகளும் எந்தச் சுரம் அதிக நேரம் ஒலித்ததோ அதற்கு அதிக மதிப்பெண் தந்தன. இந்த வகை ஆய்வுக்குத் துகள்முடுக்கி தேவையில்லை. அமைதியான ஓர் அறை, நல்ல ஹெட்போன், பொறுமையான மாணவர்கள் போதும். கிரகபேதத்தின்போது கேட்பவர் மனதில் ஆதாரம் எந்த நொடியில் நகர்கிறது என்று அளந்து பார்ப்பதற்கு நம் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இத்தனை வளமான பொருள் கைவசம் உள்ள சமூகம் அதை விழா மேடைப் பெருமையோடு விட்டுவிடக் கூடாது.

அந்த நிதி கிடைக்காத இடத்தில்தான் 432 ஹெர்ட்ஸ் போன்ற கதைகள் முளைக்கின்றன. ஏ சுரத்தை 440-க்குப் பதில் 432-இல் வைத்தால் பிரபஞ்சத்தோடு இசைந்து நோய் தீரும் என்கிறார்கள். இதுவரை செய்த கணக்கை நினைத்துப் பாருங்கள். எல்லாமே விகிதம். ஏழு சுரங்களையும் சேர்த்து இறக்கினால் எந்த விகிதமும் மாறாது. ஹெர்ட்ஸ் என்பதோ வினாடிக்கு இத்தனை என்ற கணக்கு. வினாடி மனிதர் வகுத்த அளவு. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் கல்யாணி கல்யாணிதான்.

கடைசியாக நிஷாதம். 450-ஐ ஆதாரமாக்கினால் பஞ்சமம் 675-இல் இருக்க வேண்டும். நம்மிடம் 640-உம் 720-உம் உண்டு, இடையில் எதுவும் இல்லை. பஞ்சமம் நொண்டவில்லை, அடியோடு இல்லை. அதற்குப் பதில் இரண்டு மத்திமங்கள் வந்து நிற்கின்றன. அதனால் ஏழு சுரமும் உள்ள தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் இதற்கு இடமில்லை. மேற்கே லோக்ரியன் என்று பெயர் வைத்து, நிற்காத மோடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் 600-ஐ 450-ஆல் வகுத்துப் பாருங்கள்: 4/3, அப்பழுக்கில்லாத சுத்த மத்திமம். ஹிந்தோளத்தைப் போலவே பஞ்சமம் இல்லாத இந்துஸ்தானி மால்கௌன்ஸுக்குத் தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு இறக்கிக்கொள்வார்கள் அல்லவா? இதற்கும் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். கீபோர்டு வைத்திருப்பவர்கள் இடது கையில் பி-யையும் இ-யையும் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெள்ளைக் கட்டைகளில் மெல்ல நடந்து, ஒவ்வொரு முறையும் பி-யில் வந்து நில்லுங்கள். செவ்வழிப்பாலை நிற்கிறதா என்று கேளுங்கள்.