தட்டான் பறந்தால் குளம் நலமா?

தட்டான்கள் கூட்டமாகப் பறக்கின்றன, ஆகவே குளம் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்கெடுப்பு அறிக்கைகளில்கூட இதைப் பார்க்கிறேன். ஆனால் சிறகு முளைத்த தட்டான் எங்கிருந்தும் வரலாம். பேன்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற நாடோடித் தட்டான் இந்தியப் பெருங்கடலையே கடக்கிறது. முட்டையிடுவதைப் பார்த்தாலும் போதாது. பளபளக்கும் கார் கூரையைத் தண்ணீர் என்று நம்பி அதன்மேல் முட்டையிடுபவையும் உண்டு.

அதனால் களத்தில் நான் முதலில் தேடுவது உரித்த சட்டையைத்தான். நீருக்குள் வளர்ந்த இளம் உயிரி ஒருநாள் கோரைத் தண்டிலோ கல்லிலோ ஏறும். முதுகு பிளந்து தட்டான் வெளியேறிவிடும், சட்டை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கிட்டத்தில் குனிந்து பாருங்கள். பிளவில் வெள்ளை நூல்கள் தெரியும். அவை மூச்சுக்குழாய்களின் உள்தோல். தலைக்கு அடியில் மடக்கிய கைபோல் இருப்பது இரையைப் பிடிக்கும் கீழுதடு. மெலிந்த உடலும் வால்நுனியில் தட்டையான மூன்று செவுள்களும் இருந்தால் ஊசித்தட்டான். உடல் தடித்து, நுனியில் குட்டையான முட்கள் இருந்தால் தட்டான். ஒரு சட்டை கிடைத்தாலும் போதும், அந்தத் தண்ணீர் ஓர் உயிரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறது என்று உறுதியாக எழுதலாம்.

இதற்குக் காலையிலேயே போய்விட வேண்டும். காற்றும் மழையும் சட்டைகளை உதிர்த்துவிடும். பறப்பவற்றை எண்ண வெயில் ஏறட்டும். மேகமூட்டமோ பலத்த காற்றோ இருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் அதே கரையில், அதே வேகத்தில் நடந்தால்தான் எண்ணிக்கைகளை ஒப்பிட முடியும். ஊசித்தட்டான்கள் புல்லுக்குள் தாழ்வாக இருக்கும், நிதானமாகத் தேடுங்கள். இனம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே குறியுங்கள், ஊகம் வேண்டாம்.

என்னை மிகவும் வருத்துவது, சுத்தம் செய்கிறோம் என்று கரைச்செடிகளை மொத்தமாக வழித்தெடுப்பது. அப்புறம் சிமெண்ட் சரிவு வந்துவிடும். ஊசித்தட்டான்கள் செடியின் திசுவைக் கீறி அதற்குள் முட்டை வைப்பவை. செடி போனால் முட்டைக்கும் இடமில்லை, ஏறி வந்து சட்டை உரிக்கவும் இடமில்லை. 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் 6,016 தட்டான், ஊசித்தட்டான் இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 16 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. ஈரநிலங்கள் சீரழிவதை முக்கியக் காரணமாகச் சொன்னது.

தூர்வாரியே ஆக வேண்டுமா? சரி, இந்த ஆண்டு ஒரு பக்கக் கரையை மட்டும் தொடுங்கள், மறுபக்கத்தை அடுத்த ஆண்டு பார்க்கலாம். சில இனங்கள் நீருக்குள்ளேயே ஓராண்டுக்கு மேல் வளர்பவை. எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் வாரினால், அடுத்தடுத்த ஆண்டுகளில் பறக்க வேண்டியவையும் சேற்றோடு சேர்ந்து லாரியில் போய்விடும்.