எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கும் முன்: சின்ன கிட்டார் ரிக்குக்கு எது ஒத்துப்போகும்?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையானாலும் சரி, தர்மபுரி பக்கத்துக் கல்யாண மண்டபமானாலும் சரி, கிட்டார் வாசிப்பவருக்குக் கிடைக்கும் இடம் கீபோர்டு ஸ்டாண்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் மிஞ்சும் சந்துதான். பத்துப் பெடல்களை வரிசையாகப் பரப்பி வைப்பதெல்லாம் நடக்காத காரியம். பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் ஒரு சின்ன மல்டி எஃபெக்ட் புராசசரை முதுகுப் பையில் போட்டு, பைக்கில் வந்து இறங்கி, ஐந்து நிமிடத்தில் தயாராகிவிட வேண்டும். அந்தப் புராசசரின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு எக்ஸ்பிரஷன் ஜாக், அதாவது காலால் மிதித்து எஃபெக்டைக் கூட்டிக் குறைக்கும் பெடலுக்கான துளை, இருக்கும். அதில் எந்தப் பெடலைச் செருகுவது என்று கேட்டால் எல்லோரும் ஒரு பிராண்டு பெயரைச் சொல்வார்கள். உங்கள் புராசசர் எதை எதிர்பார்க்கிறது என்று திருப்பிக் கேட்பவர் குறைவு. ஆனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எக்ஸ்பிரஷன் பெடல் வழியாகக் கிட்டார் ஒலி போவதே இல்லை. வால்யூம் பெடலும், ஒலியை 'வா-வா' என்று பேச வைக்கும் வா பெடலும் அப்படியல்ல. கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் அவற்றுக்குள் நுழைந்து, மாறி, வெளியே வருகிறது. எக்ஸ்பிரஷன் பெடலோ கால் எந்த இடத்தில் இருக்கிறது என்ற தகவலை மட்டும் அனுப்புகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களின் ஆக்சிலரேட்டர் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. பழைய பைக்கில் கைப்பிடியைத் திருகினால் ஒரு கேபிள் போய் கார்புரேட்டரை இழுக்கும். மின்சார ஸ்கூட்டரில் இழுக்க எதுவும் இல்லை. கைப்பிடிக்குள் இருக்கும் உணரி ஒரு சிறு வோல்டேஜை அனுப்ப, மோட்டாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. பெடலும் அப்படித்தான். அது அனுப்பும் வோல்டேஜை வா ஆக்குவதா, டிலே (எதிரொலி) அளவு ஆக்குவதா, சுருதி வளைவு ஆக்குவதா என்பது புராசசரின் வேலை.

பெடலைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதே பாட் (பொட்டென்ஷியோமீட்டர் என்பதன் சுருக்கம்) ஒன்று, மூன்று கால்களுடன். இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே ஒரு கார்பன் பாதை. நடுக்கால் அந்தப் பாதையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதை வைப்பர் என்பார்கள். புராசசர் ஒரு ஓரத்துக்கு 3.3 அல்லது 5 வோல்ட் கொடுக்கிறது. இன்னொரு ஓரம் கிரவுண்ட். வைப்பர் பாதையின் நடுவில் நின்றால் பாதி வோல்டேஜ், முனைக்குப் போனால் முழு வோல்டேஜ். புராசசருக்குள் இருக்கும் மாற்றி அதை எண்ணாக்குகிறது. மிடி (இசைக் கருவிகள் எண்களால் பேசிக்கொள்ளும் முறை) கணக்கில் அது 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள். எக்ஸ்பிரஷனுக்கென்றே மிடியில் 11ஆம் எண் கன்ட்ரோலர் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்த மூன்று கால்களையும் புராசசரோடு இணைக்க மூன்று கம்பி வேண்டும். அதனால்தான் ஸ்டீரியோ கேபிள். அதன் பின்னில் நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ். சாதாரண கிட்டார் கேபிளில் ரிங் கிடையாது. அதைச் செருகினால் ஜாக்கில் ரிங் தொட வேண்டிய இடத்தில் ஸ்லீவ் தொட்டு, புராசசர் கொடுக்கும் வோல்டேஜ் நேராக கிரவுண்டுக்குப் போய்விடும். பெடல் செத்த மாதிரி தெரியும். "பெடல் ரிப்பேர்" என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் கொஞ்சமாவது இந்தக் கேபிள் தப்பாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

அடுத்தது கம்பி வரிசை. இதில்தான் பணம் வீணாகிறது. ரோலண்ட், பாஸ் வகைப் பெடல்களில் வைப்பர் டிப்பில் இருக்கும், வோல்டேஜ் ரிங்கில். யமஹாவின் எஃப்சி7 பெடலில் தலைகீழ்: வோல்டேஜ் டிப்பில், வைப்பர் ரிங்கில். ஒரு வகைப் பெடலை இன்னொரு வகையை எதிர்பார்க்கும் புராசசரில் செருகினால் எதுவும் எரியாது. ஆனால் வினோதமாக நடந்துகொள்ளும். மிதியின் பெரும்பகுதியில் ஒரு மாற்றமும் தெரியாது, கடைசியில் குதிகால் பக்கம் மட்டும் சட்டென்று விழும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தவறான வரிசையில் புராசசர் தன் வோல்டேஜை வைப்பருக்கே கொடுக்கிறது. ஷார்ட் ஆனாலும் பாதுகாப்பாக இருக்க, அந்த வோல்டேஜ் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக வரும். அது 1 கிலோ ஓம், பாட் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிதி முழுவதும் கீழே இருக்கும்போது 11இல் 10 பங்கு, அதாவது 91 சதவீதம் வோல்டேஜ் தெரியும். பாதி மிதியில் 50 சதவீதம் வர வேண்டும். ஆனால் 6இல் 5 பங்கு, 83 சதவீதம் வருகிறது. பத்தில் ஒரு பங்கு மட்டும் மிதித்த நிலையில்தான் 50 சதவீதமே வரும். சுவிட்ச் மாதிரி நடந்துகொள்ளும் பெடலைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பாஸ் ஈவி-30, எம்-ஆடியோ எக்ஸ்-பி போன்றவற்றில் வரிசையை மாற்ற ஒரு சின்ன சுவிட்சே வைத்திருக்கிறார்கள். நாளைக்கு புராசசரை மாற்றுவீர்கள் என்றால் அந்தச் சுவிட்சுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தப்பில்லை. லைன் 6 தன் இஎக்ஸ்-1 பெடலில் இரண்டே கம்பி வைத்தது, பாட் 10 கிலோ ஓம். அதற்கு மட்டும் சாதாரண மோனோ கேபிள் சரி.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒரு மல்டிமீட்டரைக் கையில் கொண்டுபோகலாம். ஸ்டீரியோ கேபிளின் ஒரு முனையைப் பெடலில் செருகி, மறுமுனையில் இரண்டிரண்டாக ஓம் அளந்தால் போதும். பெடலை மிதிக்கும்போது எந்த ஜோடியின் அளவு மாறாமல் நிற்கிறதோ, அவைதான் பாட்டின் ஓரக் கால்கள். மிச்சமிருப்பது வைப்பர். ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் இடையில் அளவு மாறாமல் இருந்தால் ரோலண்ட் வகை. டிப்புக்கும் ஸ்லீவுக்கும் இடையில் மாறாமல் இருந்தால் யமஹா வகை. அந்த மாறாத அளவே பாட்டின் மதிப்பு. 10 முதல் 50 கிலோ ஓம் வரை இருந்தால் பெரும்பாலான புராசசர்களுக்கு ஏற்றது. அப்படியே பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டு மற்ற ஜோடியையும் பாருங்கள். எண் சீராக ஏறாமல் நடுவில் தாவினால் கார்பன் பாதை தேய்ந்திருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே வால்யூம் பெடல் கிடக்கிறதே, அதையே பயன்படுத்தலாமா? ஒரு ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் இன்சர்ட் கேபிள் இருந்தால் முடியும். ஆனால் இரண்டு இடறல்கள் உண்டு. முதலாவது, கிட்டாரை நேரடியாகச் செருகும் வால்யூம் பெடல்களில் 250 கிலோ ஓம் பாட் இருக்கும். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பின் மேல் சுமை ஏறி ஒலியின் மேல் ஸ்தாயி மங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பெரிய மதிப்பு. புராசசரின் எக்ஸ்பிரஷன் ஜாக்குக்கு அது ஆகாது. ஜாக்கின் உள்ளே கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தாலே, நடு மிதியில் 50 சதவீதத்துக்குப் பதில் 31 சதவீதம்தான் கிடைக்கும். எண்ணும் நடுங்கும். இரண்டாவது, காது ஒலி அளவை உணரும் விதத்துக்கு ஏற்ப வால்யூம் பாட் பெரும்பாலும் லாக் வகையில் இருக்கும். பாதி தூரம் போனாலும் மதிப்பு பத்துப் பதினைந்து சதவீதத்தில்தான் நிற்கும். எக்ஸ்பிரஷனுக்கு வேண்டியது, போகும் தூரத்துக்கு ஏற்பச் சீராக மதிப்பு ஏறும் லீனியர். பாட்டின் முதுகில் பி10கே என்று அச்சடித்திருந்தால் 10 கிலோ ஓம் லீனியர் என்று பொருள், ஏ என்று தொடங்கினால் லாக். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடுக்குப் போய் ஒரு பாட் வாங்கி மாற்றிவிடலாம். தண்டின் நீளமும் பல்சக்கரம் பொருந்துகிற இடமும் அதேதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சரி, சின்ன ரிக்குக்குச் சின்னப் பெடல்தானே வாங்க வேண்டும்? நான் இதில் கொஞ்சம் தயங்குவேன்.

முழு அளவு வா பெடல் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். பாஸின் சாதாரண காம்பேக்ட் பெடல் 13 சென்டிமீட்டர் கூட இல்லை. மினி எக்ஸ்பிரஷன் பெடல்கள் அந்த அளவுக்கு அருகில் வருகின்றன. மிதி மேலும் கீழும் ஆடும் கோணம் சுமார் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பெரிய பெடலின் முன்விளிம்பு 4 சென்டிமீட்டர் நகரும். 128 படிகளுக்குப் பிரித்தால் ஒரு படிக்கு 0.3 மில்லிமீட்டர். மினியில் அது பாதி. கோணம் ஒன்றுதானே, பாதம் அதே அளவுதானே திரும்புகிறது என்று கேட்கலாம். பாதம் முழுவதும் மிதியின் மேல் இருந்தால் அது உண்மை. மினியில் குதிகால் பின்னால் தொங்கும், விரல் நுனி வெளியே நீட்டும். நடுப்பாதத்தால் அழுத்தி ஆட்டுவதால், வேண்டிய இடத்தில் நிறுத்துவது கஷ்டம். இன்னொன்றும் உண்டு. சாதாரண பாட் 270 டிகிரிக்கு மேல் சுழலும், மிதியோ 20 டிகிரிதான். இந்த இடைவெளியைப் பல்சக்கரமோ கயிறோ உலோகப் பட்டையோதான் ஈடுகட்டுகிறது. சின்ன உடலுக்குள் சக்கரங்களும் சின்னதாகி, பற்களுக்கு இடையிலுள்ள துளி ஆட்டம்கூட எண்ணில் தெரியும்.

ஆகவே எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். பாடலின் கடைசி வரியில் ரிவெர்ப் (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற முழக்கம்) பெருக வேண்டும், சோலோவில் வால்யூம் கொஞ்சம் ஏற வேண்டும் என்றால் மினி தாராளம். வாவை அடித்து வாசிப்பவர், பெடலால் சுருதி வளைத்துக் கமகம் போல வரவழைக்க நினைப்பவர் பெரிய பெடலைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் வேண்டாம், இடமும் இல்லை என்றால், பெடலே உடம்போடு வரும் சின்னப் புராசசர்கள் இருக்கின்றன. பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டுமே நான்கு பென்டார்ச் பேட்டரியில் ஓடுபவை. கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும் வரை காத்திருக்கத் தெரிந்த ஊர்க்காரருக்கு இதன் அருமை புரியும்.

கோயில் திருவிழா மேடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். வெறுங்காலுக்கு ரப்பர் மேற்பரப்பு உள்ள மிதி நல்லது. வா பெடல்களில் முன்முனையை அழுத்தமாக மிதித்தால் ஆன் ஆகும் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஷூவுக்காகச் செய்தது அது, வெறுங்காலை வலிக்க வைக்கும். எக்ஸ்பிரஷன் பெடலில் இதைத் தவிர்க்கலாம். பெடல் குதிகால் நிலையிலிருந்து நகர்ந்ததும் எஃபெக்ட் தானாக ஆன் ஆகும்படி பல புராசசர்களில் அமைத்துக்கொள்ள முடியும். மிதியின் இறுக்கத்தைத் திருகாணியால் மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். காலை எடுத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

தூசியைப் பற்றிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுதாமல் இருக்க முடியாது. கிரானைட் குவாரியும் பாலிஷ் பட்டறையும் இருக்கும் ஊர்களில் அந்த நுண்தூள் எல்லாவற்றுக்குள்ளும் போகும், பெடலின் பாட்டுக்குள்ளும் போகும். வால்யூம் பெடலில் அது கரகரவென்று நேராக ஒலிக்கும். எக்ஸ்பிரஷன் பெடலில் கரகரப்புக் கேட்காது, எண்தான் தாவும். வா திடீரென்று துள்ளும், டிலே அளவு படிப்படியாகக் குதிக்கும். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, மிதியைப் பலமுறை ஆட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டிலிருக்கும் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றினால் தூசி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தொடாமலே காந்தத்தை வைத்து இடத்தை அளக்கும் ஹால் உணரிப் பெடல்களும் இருக்கின்றன. அவற்றில் தேய்வதற்குக் கார்பன் பாதையே இல்லை. ஆனால் அவை வேலை செய்யப் புராசசர் சரியான காலில் போதுமான வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். இரண்டு கம்பி ஜாக்கில் அவை ஓடாது.

வாங்கி வந்ததும் புராசசரின் மெனுவில் கேலிபரேஷனைத் தேடிப் பிடித்து, மிதியை முழுவதும் மேலேயும் கீழேயும் கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் 0க்கோ 127க்கோ எட்டாமலேயே நிற்கும் பெடல்கள் உண்டு. அப்புறம் எல்லைகளை அமைக்கலாம். டிலே கலவையை 0 முதல் 100 வரை விட்டால் மிதியின் மேல் பாதி முழுவதும் உபயோகமில்லாத கூச்சல். 0 முதல் 35 என்று சுருக்கினால், அதே 20 டிகிரி முழுவதும் உங்களுக்கு வேண்டிய இடத்திலேயே விரிந்து கிடைக்கும். மினி பெடல் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு அமைப்பு, பெரிய பெடல் வாங்கும் செலவைப் பல நேரம் தள்ளிப்போடும்.