சிறிய எழுத்தை முதலில் படியுங்கள்

தே கலக்க வாங்கும் டின்னை நம் வீடுகளில் 'பால் டின்' என்றுதான் சொல்கிறோம். கடையிலும் அப்படித்தான் கேட்கிறோம். அடுத்த முறை கையில் எடுக்கும்போது அதன் முகப்பை நிதானமாகப் பாருங்கள். நடுவில் தடித்த எழுத்தில் நிறுவனத்தின் பெயர். அதன் கீழே வெள்ளையாய் வழிந்தோடும் படம், அல்லது ஆவி பறக்கும் கோப்பை. அதற்கும் கீழே, ஓரமாக ஒதுங்கி, மெல்லிய எழுத்தில், மலாயில் 'கிரிமர் மானிஸ்'. இன்று விற்கும் டின்களில் பல கெட்டிப்பாலே அல்ல. சீனி, செம்பனை எண்ணெய், பால் திடப்பொருள் சேர்த்துச் செய்த இனிப்புக் கிரீமர். எதையும் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கண் அந்த வரிக்குப் போய்ச் சேருமுன் டின் கூடைக்குள் விழுந்துவிடுகிறது.

2019-இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். அதனால்தான் ஒரு டின்னின் எழுத்தளவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உணவுப் பொருள்களுக்கு லேபலும் பாக்கெட்டும் வடிவமைப்பது என் தொழில். மசாலைத் தூள், ஊறுகாய், முறுக்கு, ஜாதிக்காய் என்று பெரும்பாலும் நம்மவர்களின் சிறுதொழில்கள்தாம். "பேரைப் பெருசா போடுங்க தம்பி, பின்னாடி யாரு படிக்கப் போறா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். தங்கள் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். ஆனால் முகப்பில் இருப்பது கையகல இடம். ஒன்றைப் பெரிதாக்கினால் இன்னொன்று சுருங்கியே ஆக வேண்டும். எந்த எழுத்து எவ்வளவு பெரியது என்பது அழகுக்காகச் செய்யும் முடிவு அல்ல. வாங்குபவர் எதை முதலில் நம்ப வேண்டும், எதைப் பார்க்காமல் போனாலும் பாதகமில்லை என்று விற்பவர் வகுத்துத் தரும் வரிசை அது.

எழுத்தின் வடிவமும் நாக்கோடு பேசுகிறது. உருண்டையான எழுத்தை மக்கள் இனிப்போடும், கூரான எழுத்தைக் கசப்பு, புளிப்பு, உவர்ப்போடும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று ஆக்ஸ்ஃபர்டின் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் குழுவினர் 2015-இல் காட்டினார்கள். நிறமும் அப்படியே. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜொனத்தன் ஷுல்ட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கலோரி எண்ணைப் பச்சை நிறத்தில் காட்டிய மிட்டாயையே மக்கள் உடம்புக்கு நல்லதென்று எண்ணினார்கள். சிவப்பில் இருந்ததும் அதே எண்தான். பச்சைப் பின்னணி, இலைப் படம், கையெழுத்துப் போன்ற எழுத்து மூன்றும் ஒரே பாக்கெட்டில் சேர்ந்திருந்தால், உள்ளே என்ன என்று பின்பக்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

லெபோ பாசார் பக்கம் உள்ள மளிகைக் கடைகளில் எனக்குப் பெரும் கவலை தருவது விளக்கு எண்ணெய். நல்லெண்ணெய்ப் போத்தலும் தீப எண்ணெய்ப் போத்தலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒரே உயரம், ஒரே மஞ்சள் லேபல், ஒரே மாதிரி மூடி. தீப எண்ணெயில் குத்துவிளக்குப் படம் இருக்கும். சில நல்லெண்ணெய்ப் போத்தல்களிலும் மங்கலத்துக்காக அதே விளக்கு. சமையலுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை தீப எண்ணெயின் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் லேபலின் இரு ஓரங்களும் ஒட்டும் மடிப்புக்குப் பக்கத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அந்தப் போத்தல் சொல்வது 'எண்ணெய்' என்ற ஒன்றைத்தான். இப்படி ஒரு லேபல் என்னிடம் வந்தால், எச்சரிக்கையை முகப்பில், பெயருக்கு நேர் கீழே, தமிழில் போடச் சொல்வேன்.

இதே சிக்கல் பெருங்காய டப்பாவிலும் உண்டு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். கோதுமை மாவோ அரிசி மாவோ, பிசினோடு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் சாம்பாருக்குள் கோதுமை போய்விடுகிறது. முகப்பில் உள்ள பெயரை எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது.

உள்நாட்டில் தயாராகும் உணவின் விவரங்கள் மலாயில் இருக்க வேண்டும் என்கிறது 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறை. கூடவே வேறு மொழியும் சேர்க்கலாம், தடையில்லை. ஆனால் நடப்பில் தமிழுக்குக் கிடைப்பது முகப்புப் பெயர் மட்டும். பெருமை பேசும் இடத்தில் தமிழ் பெரிதாக நிற்கிறது. உட்பொருள், ஒவ்வாமைக் குறிப்பு, காலாவதித் தேதி வரும் இடத்தில் தமிழே இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

இருக்கும் அந்தப் பெயராவது ஒழுங்காக வருகிறதா? ஆங்கிலப் பெயரின் நீளத்துக்குள் அடக்க வேண்டுமென்று தமிழை இரு பக்கமும் நசுக்குகிறார்கள். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள் மூடிக்கொண்டு எல்லாம் ஒரே கரும்புள்ளியாகிவிடும். இகரக் கொக்கி மேலே எழும், உகரச் சுழி கீழே இறங்கும் என்பதால் தமிழ் வரிகளுக்கு ஆங்கிலத்தைவிட அதிக இடைவெளி வேண்டும். அதைத் தராவிட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். தமிழ் அறியாதவர் மென்பொருளின் அமைப்பை மாற்றாமல் ஒட்டும்போது கொம்பு இடம் மாறி, 'கொத்தமல்லி'யின் முதல் எழுத்தே உடைந்துபோகும். நல்ல எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. கணினியில் தமிழ் எழுத 1985-இலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டவர். அவர் வடித்த தமிழ் எழுத்துகள் ஆப்பிள் கணினிகளில் இருக்கின்றன. இல்லாதது அக்கறைதான்.

மற்ற நாடுகளில் எழுத்தளவுக்கும் முகப்புக்கும் சட்டம் வைத்திருப்பதைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாய விவரங்களின் எழுத்து, அங்குள்ள சிறிய 'எக்ஸ்' எழுத்தின் உயரத்தில், 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மிகச் சிறிய பாக்கெட்டுக்கு 0.9. சிலி நாட்டில் 2016 முதல் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். சிங்கப்பூரில் 2022 இறுதியிலிருந்து இனிப்பு மிகுந்த பானங்களின் முகப்பிலேயே தரத்தைச் சொல்லும் ஆங்கில எழுத்து இருக்கிறது. கெட்டிப்பாலைக் குவளையில் ஊற்றிக் குடிக்கும் பாலாகக் காட்டக்கூடாது என்று இந்தோனேசியா 2018-இல் உத்தரவிட்டது. நம் நாட்டில் 2017 முதல் உள்ள 'பிலிஹான் லெபே சிஹாத்' (கூடுதல் ஆரோக்கியத் தேர்வு) சின்னம் நிறுவனங்கள் விரும்பினால் மட்டும் பெறுவது.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி, உட்பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள். எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். சத்து விவரத்தில் 'ஒரு பரிமாறல்' என்ற பத்தியை விட்டுவிட்டு 100 கிராமுக்கான பத்தியைப் பாருங்கள், இரண்டு பொருள்களை ஒப்பிட அதுதான் உதவும். எழுத்து தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள்.

தொழில் செய்கிறவர்கள் லேபலைக் கணினித் திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். திரையில் எல்லாமே பெரிதாகத் தெரியும். அசல் அளவில் தாளில் எடுத்து, பாக்கெட்டில் ஒட்டி, மூக்குக் கண்ணாடி போடுகிற ஒருவரிடம் கடை வெளிச்சத்தில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பழுப்புத் தாளில் பொன்னிற எழுத்து இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறாது. ஒவ்வாமைக் குறிப்புக்குத் தமிழில் ஒரு வரி சேர்த்தால் அச்சுக்கூலி ஏறாது, கறுப்பு மை எப்படியும் ஓடத்தான் போகிறது. வாங்குகிறவர்களும் படிக்க முடியாத லேபலைப் படமெடுத்து, பாக்கெட்டில் உள்ள எண்ணுக்கு அனுப்பி வையுங்கள். சிறுதொழில்காரர்கள் ஸ்டிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடிக்கிறார்கள், அடுத்த அச்சிலேயே மாற்றிவிட அவர்களால் முடியும்.