நாய்க்குட்டி வந்த முதல் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த குட்டி, புதன் அல்லது வியாழன் அன்று எங்கள் கிளினிக்குக்கு வரும். வயிற்றுப்போக்கு, சோர்வு, எதையும் சாப்பிடுவதில்லை. தூக்கி வருபவர்களின் கண்களும் சிவந்திருக்கும். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வந்த அன்றே டெட்டால் கலந்து குளிப்பாட்டினோம், பசும்பால் வைத்தோம், குடிக்கவில்லை என்று செரலாக் கரைத்தோம், அப்புறம் கொஞ்சம் சிக்கன். தெருவிலிருக்கிற பிள்ளைகள் எல்லாம் வந்து தூக்கிக் கொஞ்சினார்கள். ராத்திரி கத்தியது, மாடிப்படிக்கு அடியில் கட்டிவிட்டோம். அந்தக் கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே பாசத்தில் செய்தவைதான்.

தாய், கூடப் பிறந்தவை, பழகிய வாசனை எல்லாம் ஒரே நாளில் போய்விட்ட உயிர் அது. அந்த அதிர்ச்சியைத் தாங்கவே அதற்கு ஒரு வாரம் வேண்டும். அதே வாரத்தில் சாப்பாட்டை மாற்றி, சோப்பைப் போட்டு, இருபது பேர் கையில் கொடுத்தால் உடம்பு படுத்துக்கொள்ளும். அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள், போதும். சொந்தக்காரர்கள் அடுத்த வாரம் வந்து பார்க்கட்டும்.

வாங்கும்போதே வயதைப் பாருங்கள். '45 நாள் குட்டி' என்று சொல்லி விற்பது நம் ஊர் வழக்கம். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. சொல்கிற அந்த 45 நாளும் பல நேரம் உண்மையில்லை. வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பொதுவாக 28 பால் பற்களும் வந்திருக்கும். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் எட்டிப் பார்க்க, கன்னப் பக்கத்து ஈறு மொழுக்கென்று இருந்தால், அது ஒரு மாதக் குட்டிதான். அவ்வளவு சீக்கிரம் பிரித்தால் என்ன என்று கேட்பார்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது. அந்தப் பாடம் பாதியில் நின்றால், மீதியை உங்கள் கையில் கடித்துக் கற்கும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். கொடுத்தவர் இதுவரை என்ன போட்டார் என்று கேட்டு, முதல் வாரம் அதையே போடுங்கள். அது உங்களுக்குப் பிடிக்காத சாப்பாடாக இருந்தாலும் சரி. அப்புறம் பழையதில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் புதியதைச் சேர்த்து, ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றலாம். எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை சின்னச் சின்ன அளவாக வேண்டும். பசும்பாலிலும் எருமைப்பாலிலும் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. நான் பார்க்கும் வயிற்றுப்போக்கில் கணிசமானவை பாலை நிறுத்தியதுமே அடங்கிவிடுகின்றன. தயிர்ச்சாதம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அதையே மூன்று வேளையும் போட்டு லாப்ரடாரையோ ராஜபாளையத்தையோ வளர்க்க முடியாது, புரதமும் கால்சியமும் போதாமல் கால்கள் வளைந்துவிடும். அதற்காகக் கடையில் கால்சியம் டானிக் வாங்கி அளவில்லாமல் ஊற்றுவதும் தப்பு. பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியமும் எலும்பைக் கெடுக்கும். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இனங்களில் வேறொரு ஆபத்து உண்டு. இரண்டு வேளை சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, நடுங்கி விழும். ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இரவுதான் பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை. 'கத்தட்டும், இரண்டு நாளில் அடங்கிவிடும்' என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அடங்கும்தான், களைத்துப்போய் அடங்கும். அதுவரை ஒரு இரவுகூடத் தனியாகத் தூங்கியிராத குட்டி அது. கூட்டத்தின் சூட்டிலேயே கிடந்த உடம்பு. ஓர் அட்டைப்பெட்டியில் பழைய புடவையை விரித்து, உங்கள் பாய்க்கோ கட்டிலுக்கோ பக்கத்தில் வையுங்கள். முனகினால் கையை நீட்டித் தொட்டால் போதும், எழுந்து விளக்கைப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டாம். பெரும்பாலான குட்டிகள் சில நாட்களில் பழகிவிடும். அதன் பிறகு பெட்டியைத் தினம் கொஞ்சம் நகர்த்தி, எங்கே படுக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய்விடலாம். மொட்டை மாடி, கார் ஷெட், படிக்கட்டின் அடி, இவையெல்லாம் குட்டிக்கான இடமே இல்லை. பகலையும் சேர்த்து ஒரு நாளைக்கு அது 18 மணி நேரம் வரை தூங்கும். தூங்குகிற குட்டியைப் பிள்ளைகள் எழுப்பக் கூடாது என்பதை வீட்டில் சட்டமாகவே போட்டுவிடுங்கள்.

குக்கர் விசில், மிக்சி, கதவு அறையும் சத்தம் எதற்கும் காதை அசைக்காமல் தூங்குகிறதா? வெள்ளை ராஜபாளையம், டால்மேஷன் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு. பின்னால் நின்று, அது பார்க்காதபடி, தரை அதிராதபடி கைதட்டிப் பாருங்கள். கூப்பிட்டால் திமிராக வராமல் இருக்கிறது என்று அடி வாங்கிய செவிட்டுக் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீர், மலம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதால் குட்டி கற்பது ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும் என்பது.

இனி பார்வோ என்னும் வைரஸ் நோய். முதல் வாரங்களில் குட்டிகளை அதிகம் கொல்வது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொற்றிய மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் பொதுவாக அறிகுறி தெரியும். சாப்பாட்டை மறுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு நாற்றத்தோடு ரத்தம் கலந்த பேதி. வாங்கிய சில நாட்களில் வந்தால், விற்ற இடத்திலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால் எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்பதே முக்கியம். ஓமத் தண்ணீர், மனிதர்களுக்கான பேதி மாத்திரை என்று ஒரு நாளை வீணடித்துவிட்டு வந்தால் எங்களால் செய்ய முடிவது குறைந்துபோகும்.

'ஒரு ஊசி போட்டாச்சே டாக்டர்' என்பார்கள். ஒன்று போதாது, காரணம் இதுதான். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை தடுப்பூசியையும் எதிரியாக நினைத்து அழித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். பணம் பிடுங்குவதற்காக இல்லை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுக்கவும் ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும்.

பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டில், பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அடுத்த வாரமே இன்னொன்றை வாங்கிவருவார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாக ஊற்றும் ஃபினாயில் அதற்குப் போதாது. ஒரு பங்கு பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, முதலில் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். தோட்டத்து மண்ணில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அந்த வீட்டுக்கு, எல்லா ஊசியும் முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதுதான் நல்லது.

இதையெல்லாம் கேட்டு, 16 வாரம் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பவர்களும் உண்டு. அங்கேதான் சிக்கல். மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்கும். அதற்குள் பார்க்காததை எல்லாம் பிறகு சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் பாய்கிற நாய், பட்டாசுக்குக் கட்டிலடியில் நடுங்குகிற நாய், இவற்றில் பலவும் அந்த வாரங்களை நான்கு சுவருக்குள் கழித்தவை. முதல் வாரம் ஓய்வு கொடுத்த பிறகு, தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். ஆட்டோ ஹார்ன், காய்கறி வண்டி, குடை பிடித்தவர், சீருடை போட்ட பிள்ளைகள், மாடு எல்லாவற்றையும் உங்கள் மார்பில் இருந்தபடியே பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும். பயந்து உடம்பை இறுக்கினால் விலகி வந்துவிடுங்கள், பழகட்டும் என்று அருகில் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

குட்டி கடித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால் பல் உள்ள குட்டி கடிக்கத்தான் செய்யும், அதன் வாயில் கைக்குப் பதில் ஒரு பொம்மையையோ முடிச்சுப் போட்ட துணியையோ கொடுங்கள். ஆனால் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் அது வேறு விஷயம். இரண்டு மாதக் குட்டிக்கும் ரேபிஸ் வரலாம். தெருவிலிருந்து தூக்கி வந்ததாக இருந்தால் அதன் தாயை எது கடித்தது என்று நமக்குத் தெரியாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். இதில் என்னிடம் போன் செய்து 'குட்டிதானே டாக்டர், பரவாயில்லையா?' என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்கிறேன்: போங்கள்.

குடற்புழு மருந்தையும் மறக்க வேண்டாம். உருண்டைப் புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குட்டியின் எடைக்குத் தகுந்த அளவில் கொடுக்க வேண்டும். அந்தப் புழு மனிதக் குழந்தைகளுக்கும் தொற்றும், கை கழுவப் பழக்குங்கள்.

குட்டி நன்றாக இருந்தாலும் வந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விற்றவர் கொடுத்த அட்டையையும், அன்று காலையில் போன மலத்தை ஒரு சிறு டப்பாவிலும் கொண்டுவாருங்கள். கிளினிக்கில் காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் விடாதீர்கள், பார்வோ வந்த குட்டி ஒன்று காலையில் அதே தரையில் படுத்திருக்கலாம். மடியிலேயே வைத்திருங்கள். கூட்டமாக இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள், முறை வந்ததும் கூப்பிடச் சொல்லலாம்.